பாட்டுக்குள் ஒரு விசில்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. கனவில் வந்தது, ரயில் பயணத்தில் வந்தது என்றெல்லாம் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். என்னுடையது எங்கள் போர்ஷனுக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் நடுவிலிருக்கும் ஒற்றைச் செங்கல் சுவர் வழியாக, டும் டும் டக் என்று வந்தது. நான் வெங்காயம் உரித்து, அரிந்து, தாளித்து முடிக்கும்வரை அதே டும் டும் டக். பிறகு ஒரு நிறுத்தம். பிறகு மறுபடியும் அதே, கடைசி டக் மட்டும் ஒரு மயிரிழை தள்ளி.

ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்து, உறைமோர் கேட்கும் பாத்திரத்தோடு போனேன். (உறைமோர் என் வீட்டில் இருந்தது. பாத்திரம் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போவதெப்படி?)

போய்ப் பார்த்ததை எழுத உட்கார்ந்தபோது முதலில் இப்படி வந்தது:

"அந்தி மயங்கும் வேளையில், வங்கக் கடலின் அலையோசையைக் கேட்டபடி, அருள்மொழி தன் கணினியின் முன்பு"

அத்தோடு விட்டுவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு அலையோசை கேட்காது. மைதானத்தில் எவனாவது மைக் டெஸ்ட் செய்வதுதான் கேட்கும்.

இரண்டாவது தொடக்கம்: "இசை என்றால் என்ன?" இதையும் விட்டேன். எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொன்னபோது புரிந்ததுமில்லை.

மூன்றாவது: "மாமனாரும் மருமகனும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

இது நிற்கும்போல் தெரிகிறது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வரும் தனியார் பஸ் அது. பெயர் சொல்லமாட்டேன். முதலாளி வீட்டு விசேஷத்துக்கு எனக்குப் பத்திரிகை வரும். டிரைவர் சுப்பராயலு, தேவனாம்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஸ்டியரிங் பிடித்தார். கண்டக்டர் அரசு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பையன், ஏரித்தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம்.

அருள்மொழி சுப்பராயலுவின் ஒரே மகள். சிதம்பரத்தில் கல்லூரி படித்த காலமெல்லாம் அப்பா வண்டியில்தான் போய்வந்தாள். டிரைவர் மகளுக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே அவள் சீட்டருகே போய் நிற்க அரசுவுக்கு ஒரு காரணமும் கிடையாது. காரணமே இல்லாமல் போய் நின்றான். வருஷக்கணக்கில் நின்றான். அப்புறம் ஒருநாள் சிதம்பரத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மஞ்சக்குப்பத்தில் என் சுவருக்கு அந்தப் பக்கம் குடிவந்தார்கள்.

கடற்கரைக் குடும்பம், வயல்காட்டுக் குடும்பம், அதனால்தான் அவருக்குக் கோபம் என்றது ஊர். அதுவும் இருந்திருக்கும், இல்லையென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது வேறு.

"பின்னாடி வர்ற லாரி நம்பரக் கண்ணாடியில படிப்பன்யா நான். மூட்ட பின்னாடி மறைஞ்சி நின்னு பீடி பத்த வெச்சா எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக்குள்ள, எம் பொண்ணு, எங் கண்டக்டரு. எனக்குத் தெரியல. நான்லாம் ஒரு டிரைவரு."

[இந்த இடத்தில் வாசகர் கேட்பார்: அப்படியானால் வேறு வண்டிக்குப் போயிருக்கலாமே? இருவரும் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு பேரையும் பிரிச்சா எனக்கு ரெண்டு வண்டி கெட்டுப்போவும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். என் கதைக்கு வசதியான பதில். ஆனால் நான் இட்டுக்கட்டவில்லை.]

மகளிடம் பேச்சை நிறுத்தினார். மருமகனிடமும் நிறுத்தினார். ஆனால் வண்டி ஓடியாக வேண்டுமே. விசில் மட்டும் மிச்சமிருந்தது. ஒற்றை விசில் என்றால் நில். இரட்டை விசில் என்றால் போ. அதற்குமேல் ஏதாவது வேண்டுமென்றால் பயணிகள் வழியாகப் போகும். ஒருமுறை ஆலப்பாக்கத்தில் டயர் பஞ்சர். சுப்பராயலு முன்சீட்டு அம்மாவிடம், "ஜாக்கிய எங்க வெச்சான்னு கேளுங்க" என்றாராம். அந்த அம்மா திரும்பி, அரசு கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, "தம்பி, ஜாக்கிய எங்க வெச்சியாம்" என்றாராம். அரசு அந்த அம்மாவிடமே, "அவுரு சீட்டுக்கு அடியிலதான் இருக்குன்னு சொல்லுங்க" என்றானாம்.

3

பாத்திரத்தோடு உள்ளே போனேன் அல்லவா, அங்கே வருகிறேன்.

"இன்னா அருளு, ஆணி அடிக்கிறியா?"

"இல்லக்கா. டிரம்ஸு."

"டிரம்ஸ் எங்க?"

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. பேட்டரி செத்துப்போய், ஒயர் செருகியிருந்தால் மட்டும் உயிரோடிருக்கும். திரை முழுக்கக் கட்டங்கள், சோசியர் மாவரைத்தபடி போட்ட ராசிக்கட்டம்போல.

(மேலே உள்ள உவமை எனக்கே புரியவில்லை. கட்டங்கள் வரிசை வரிசையாக இருந்தன, அவ்வளவுதான்.)

"எந்தக் கட்டத்துல கிளிக் பண்றமோ அந்த எடத்துல அடி விழும்க்கா. இது டிரம்ஸு, இது புல்லாங்குழலு. இங்க தள்ளுனா சீக்கிரம் விழும், அங்க தள்ளுனா லேட்டு."

"வாத்தியமே வேணாமா?"

"வேணாம். எல்லாம் இதுக்குள்ளயே கீது. சும்மா எறக்கிக்கலாம்."

"சும்மா குடுக்கறவன் பதிலுக்கு இன்னா கேப்பான்?"

"ஒன்னும் கேக்கமாட்டான். புடிச்சா நாலு பேருக்குச் சொல்லுன்றான்."

அப்படியொரு ஆளை நான் கடலூர் மாவட்டத்தில் பார்த்ததில்லை. ஆனால் நாலு பேருக்குச் சொல்லும் வேலையை நான் செய்யமுடியும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறாள். மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது, எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒருவன் கிசுகிசுப்பான இங்கிலீஷில் சொல்லித்தரும் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வீட்டில் கரண்ட் போனால் சேவ் செய்யாத பாட்டும் போய்விடும். ஒரு பல்லவி முழுக்க அப்படிப் போயிருக்கிறது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போட்ட சத்தத்தை எழுதினால் இதை யாரும் வெளியிடமாட்டார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்.

"அப்பா போன எடுக்கமாட்டாரு. வூட்டுக்குப் போனா எழுந்து கொல்லப்பக்கம் போயிடறாரு. அம்மா வந்து பேசுது, மீன் கொண்டாருது, அவருகிட்ட மட்டும் ஒன்னும் நடக்கல. ஆனா வண்டியில பாட்டு ஓடுதுல்ல, அதக் கேட்டுதானக்கா ஆவணும். எழுந்து எங்க போவாரு?"

அவள் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் காது பகல் முழுக்கத் திறந்திருக்கும் ஒரே இடம் அந்த டிரைவர் சீட்டு. அந்த ஸ்பீக்கரில் தன் பாட்டு ஒருமுறை ஓட வேண்டும். ஓடிய பிறகு, இது உங்கள் மகள் போட்டது என்று அரசு யாராவது முன்சீட்டு அம்மா வழியாகச் சொல்லிவிடுவான். அப்பா திட்டினாலும் சரி, திட்டும் பேச்சுத்தானே.

பாட்டில் ஒன்று குறைந்தது. டிரம்ஸ் எங்கோ குளிர் தேசத்தில் அடித்தது போலவும், புல்லாங்குழல் பிளாஸ்டிக் குழாயில் ஊதியது போலவும் இருந்தன. நம் பக்கத்துச் சத்தம் ஏதாவது ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவள் முன்னால், வேலை முடிந்து வந்த அரசு விசிலைக் கயிற்றோடு மேசையில் போட்டான்.

"மச்சான், அத ஒருவாட்டி ஊது."

"வூட்லயுமா? வாய் காஞ்சிபோய் வந்துகீறன்."

"ஒன்னே ஒன்னு. நீட்டா."

செல்போனை நீட்டினாள். ஊதினான். தெருவில் போன ஷேர் ஆட்டோ நின்றது.

அப்போதாவது எங்கள் மூன்று பேரில் யாருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும்.

4

நான் அந்த வண்டியில் இல்லை. இருந்தவர்கள் பலர் என்னிடம் சொன்னார்கள். எல்லார் பேச்சிலும் பொதுவாக இருப்பதை மட்டும் எழுதுகிறேன். டிரைவர் கெட்ட வார்த்தை பேசினார் என்று ஒருவர் சொன்னதையும், பேசவில்லை என்று இன்னொருவர் சொன்னதையும் சேர்த்தே தள்ளிவிட்டேன்.

கடலூரில் சுப்பராயலு டீக்குப் போன நேரத்தில் அரசு பென் டிரைவை மாற்றிச் செருகினான். வண்டி கிளம்பியது. ஜெராக்ஸ் கடையில் அருள்மொழி யாருடைய பட்டா மாறுதல் மனுவையோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியின் நேரம் அவள் உடம்பிலேயே இருக்கிறது. இப்போது முதுநகர் தாண்டியிருக்கும். இப்போது செம்மங்குப்பம், கெமிக்கல் நாற்றத்துக்கு எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். சாத்திய பிறகு பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். விண்ணப்பதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் 'செம்மங்குப்பம்' என்று அடித்திருந்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டிச் சவுக்குத்தோப்பு ஓரமாக வண்டி போகும்போது அவள் பாட்டு தொடங்கியது. டும் டும் டக். குழல். பிறகு, நீளமாக, ஒற்றை விசில்.

சுப்பராயலு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. சவுக்குத்தோப்பில் ஒரு ஆடு நின்றது. நடுவில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அரசு தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். விசில் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரமாக எடுத்து இரட்டை விசில் கொடுத்தான். வண்டி கிளம்பியது. மூன்றாவது கியர் விழுவதற்குள் பாட்டில் மறுபடி விசில். வண்டி நின்றது.

"யாருப்பா எறங்கறது? எறங்கித் தொலைங்களேன்."

"எங்களுக்கின்னா தெரியும்? டிரைவரு நிறுத்துறாரு."

"கண்டக்டரு விசிலடிக்கிறான், அவுரு நிறுத்துறாரு. ரெண்டு பேருக்கும் ஆவாதுல்ல. வம்புக்குப் பண்றான்."

அரசு மறுபடி இரட்டை விசில். வண்டி உருண்டது. பாட்டில் மறுபடி ஒற்றை விசில். டிரைவர் மனசு யோசித்து முடிப்பதற்குள் டிரைவர் கால் கேட்டுவிடுகிறது. அத்தனை வருஷப் பழக்கம். இந்தத் தடவை எஞ்சினையே அணைத்தார். முன்சீட்டு அம்மா வழியாகக் கேட்கப் பொறுமையில்லை. சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினார்.

"ஏன்டா விசிலடிக்கிற?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்பது வழக்கமாக வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

"நான் அடிக்கல மாமா."

கல்யாணம்வரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு அப்புறம் எப்படிக் கூப்பிடுவது என்ற பிரச்சினையே வரவில்லை. பேச்சே இல்லையே. இப்போது ஐம்பது பேர் நடுவில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"நீ அடிக்காம எவன் அடிச்சான்?"

"பாட்டுல வருது. அருளு போட்ட பாட்டு. விசில் மட்டும் என்னுது."

சுப்பராயலு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மீதியையும் அப்படியே, ஓரத்தில் வண்டியை நிறுத்திவைத்தபடி கேட்டார். பயணிகளில் ஒருவர், "நாங்க கோர்ட்டுக்குப் போவணும்ங்க" என்றார். பாட்டு முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சிதம்பரம் வரை வண்டியில் பாட்டு இல்லை.

[என் பெரிய சந்தேகம் இங்கேதான். அருள்மொழி டிரைவர் மகள். ஒற்றை விசிலுக்கு அப்பா கால் என்ன செய்யும் என்று தெரியாமலா போட்டாள்? நேராகவே கேட்டேன். "சத்தியமா தோணலக்கா. தாளத்துக்கு சரியா உக்காந்துச்சி, போட்டன்" என்றாள். நம்புகிறேன். தெரிந்தே போட்டிருந்தால் இன்னும் நல்ல கதை. ஆனால் அவள் அந்த அளவுக்குச் சூதுள்ளவள் இல்லை, நான்தான்.]

5

அன்று சாயங்காலம் அவர்கள் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. சுவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

"இன்னா சொன்னாரு?"

"பேசுனாரு."

"யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

நாற்காலி இழுபடும் சத்தம். உட்கார்ந்திருப்பாள். "ஒன்னு வுடாம சொல்லு மச்சான்."

சொன்னான். 'மாமா' என்றதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சிதம்பரத்தில் டீ குடித்துவிட்டு வந்து அவர் சொன்னதைக் கடைசியாகச் சொன்னான்.

"பாட்டு நல்லாதான் கீதாம். விசில எடுத்துடச் சொல்லு, அப்புறம் தெனம் போடறேன்றாரு."

"அப்படியா சொன்னாரு? தெனமுமா?"

"தெனமும்."

கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாகப் பாட்டு வந்தது. விசில் இருக்கும் வரிசையை ஒரு கிளிக்கில் ஊமையாக்கிவிடலாம் என்று எனக்கும் காட்டியிருக்கிறாள். டும் டும் டக். குழல். விசில் வர வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே பள்ளம். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

"விசில எடுன்னா, விசில மட்டும்தான் சொல்றாரா?"

"வண்டி நிக்கிது அருளு. அதத்தான் சொன்னாரு."

"வண்டி நிக்கிதுன்னா சொன்னாரு?"

"அப்படிச் சொல்லல."

"பின்ன?"

"எடுத்துடேன். தெனம் போடறேன்றாரு இல்ல? நான் எங்க போவப்போறன், வண்டியிலயும் நான்தான், வூட்லயும் நான்தான்."

கிளிக் சத்தம் கேட்டது. எதை அழுத்தினாள், எதை விட்டாள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாள். காதைச் சுவரிலிருந்து எடுத்தபிறகும் எனக்குக் கேட்டது.

"அந்த ஆளு என் மூஞ்சப் பாத்து சொல்லட்டும். அப்ப எடுக்கறன்."

6

இங்கே முடிவு வர வேண்டும். எழுதிப் பார்த்தவற்றை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

முடிவு அ: அவள் விசிலை எடுத்துவிடுகிறாள். சுப்பராயலு பாட்டைப் போட்டு, புதுச்சத்திரத்துக்கும் முட்லூருக்கும் நடுவில் கண்கலங்குகிறார். (வேண்டாம். ஸ்டியரிங் பிடித்தவர் கண்கலங்கினால் வண்டியில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?)

முடிவு ஆ: வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் பென் டிரைவைத் தூக்கி எறிகிறார். அது தண்ணீரில் (தண்ணீர் இல்லை, இது கோடை. மணலில் விழும். எவனாவது எடுத்துச் சினிமாப் பாட்டு ஏற்றிக்கொள்வான்.)

முடிவு இ: அனுபவமும் நிதானமும் உள்ள ஒரு பக்கத்து வீட்டு அம்மாள் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசி (இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.)

7

நடந்தது இது. எனக்குப் புதுச்சத்திரத்தில் ஒரு காதுகுத்து. உண்மையாகவே. பத்திரிகையைக் காட்டுவேன். அந்த வண்டிக்குக் காத்திருந்தபோது அருள்மொழியும் வந்து நின்றாள். கடைக்கு லீவு போட்டிருந்தாள். கையில் அதே பாட்டை ஏற்றிய இன்னொரு பென் டிரைவைத் தவிர ஒன்றுமில்லை.

"எடுத்துட்டியா?" என்றேன்.

"அப்படியேதான் கீதுக்கா."

வண்டி வந்தது. நான் பின்வாசலில் ஏறினேன், அவள் முன்வாசலில் ஏறினாள். எஞ்சின் மூடிக்குப் பக்கத்துச் சீட்டில், அப்பாவுக்குக் கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. கழுத்தைத் திருப்பினால் போதும். சுப்பராயலு கழுத்தைத் திருப்பவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போகவும் வழியில்லை. அரசு டிக்கெட் கட்டோடு அவள்வரை போனான். டிரைவர் மகளுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் பெண்டாட்டிக்கு உண்டா இல்லையா? அவனுக்கே தெரியாமல் அசடுவழிந்து திரும்பினான்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அவளே எழுந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பிடுங்கி, தன்னுடையதைச் செருகினாள்.

டும் டும் டக். குழல். விசில். வண்டி குலுங்கியது, நிற்கவில்லை. இரண்டாவது விசிலுக்கு ஒரு சின்ன அதிர்வு. அடுத்த விசிலுக்கு அதுவும் இல்லை. கால் கற்றுக்கொண்டுவிட்டது.

அப்புறம் அவர் வாய் அசைந்தது. முன்னால் இருந்த நீளக் கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். அவள் மூஞ்சைப் பார்த்துச் சொல்லவில்லை, ஓட்டும்போது எப்படிச் சொல்வது? அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றல்ல. திரும்பச் சொன்னார். அவள் பதில் சொன்னாள், நீளமாக. அவர் கியரிலிருந்து கையை எடுத்து, பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வாழ்நாளில் எத்தனையோ சுவர்களைத் தாண்டி எத்தனையோ பேச்சைக் கேட்டவள் நான். பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பாட்டுத்தான் காதை அடைத்தது.

புதுச்சத்திரம் வந்தது. அரசு ஒற்றை விசில் கொடுத்தான், நிஜ விசில். பாட்டில் வருவது என்று நினைத்துக்கொண்டு சுப்பராயலு போய்க்கொண்டே இருந்தார்.

"அக்கா, ஒங்க ஸ்டாப்பு போயிடுச்சி."

"போவட்டும். நீ முன்னால போயி இன்னா பேசறாங்கன்னு கேட்டுட்டு வா."

"நான் போவமாட்டன்க்கா" என்றான். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். டிக்கெட் கேட்டவர்களுக்குக்கூட எழுந்து போகவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினோம். அவர்கள் இருவரும் இறங்கவில்லை. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. காதுகுத்துக்கு மொய் வைக்க வேண்டிய நான், டீக்கடை ஓரமாக அரசுவோடு நின்று வண்டியின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எல்லாம் எழுதிவிட்டேன். கேட்காததை எழுத எனக்குக் கை வரவில்லை, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விசில் வந்தபோதெல்லாம் அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

சுப்பராயலு: (                                        )

அருள்மொழி: (                                        )

சுப்பராயலு, வெகுநேரம் கழித்து, அவள் முகத்தைப் பார்த்து: (                                        )